பிளாட்டினம் கம்பியும் என் அண்ணியும்

என் அண்ணி வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தொன்பது வருஷம் இருந்திருக்கிறாள். அங்கே இருப்பவர்கள் சின்னதாக ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். அதில் அவளைப் பற்றி ரெண்டு பக்கம் வேண்டுமாம். யாரைக் கேட்கலாம் என்று யோசித்து, கடைசியில் என்னிடம் வந்து நின்றார்கள். கூடவே படித்தவள், நாத்தனாரும் கூட, என்னை விட்டால் வேறு யார் என்று அந்தக் கூடத்து மேலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவர் மேல் தப்பில்லை. முப்பத்தாறு வருஷமாக அவளைப் பார்த்து வயிறு எரிந்துகொண்டிருப்பவள் நான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எழுதினேன். அதெல்லாம் எழுதத் தெரியும் எனக்கு. எங்கே படித்தார், என்ன கண்டுபிடித்தார், எத்தனை பேரைப் பயிற்றுவித்தார், பழகுவதற்கு இனிமையானவர் என்று ரெண்டு பக்கம் முக்கி முனகி எழுதி, அச்சுக்குப் போகும் முன் அவளிடமே படிக்கக் கொடுத்தேன். அதில் ஒரே ஒரு வரியை அவள் பென்சிலால் அடித்துவிட்டாள். அந்த வரிக்காகத்தான் இப்போது இதை உட்கார்ந்து எழுதுகிறேன். இது மலருக்கு இல்லை.

நாங்கள் ரெண்டு பேரும் ஒரே நாளில் ஒரே சாரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். நான் மூச்சு வாங்க ஓடி வந்து ஆய்வகக் கதவைத் தள்ளினால், எனக்கு முன்னாடியே ஒருத்தி உள்ளே நின்று, யாரோ கொட்டி வைத்த கறையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். வேலைக்காரி போல என்று நினைத்து, "அந்தப் பக்கமும் துடைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அந்தப் பக்கமும் துடைத்தாள். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், இது சாதாரண ஆள் இல்லை, அமுக்கினி என்று.

சாரின் ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிக் கதை விளங்காது. அமிலம் கலந்த தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஹைட்ரஜன் வரும். பிளாட்டினம் இருந்தால் சுலபமாக வரும். ஆனால் பிளாட்டினம் விலையை யார் கொடுப்பது? மலிவான உலோகத்திடம் அதே வேலையை வாங்க முடியுமா என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. அதற்குச் சார் பிடித்துக்கொண்டது போர்ஃபிரின் என்ற பொருளை. இரத்தத்தின் சிவப்புக்கும் இலையின் பச்சைக்கும் உள்ளே இருக்கிற வளையத்தின் உறவு அது. வளையத்தின் நடுவில் ஓர் உலோகம் உட்காரலாம். முதல் நாள் சார், யாருக்கு எந்த உலோகம் என்று கேட்டார். நான்தான் எடுத்தேன் கவிழ்த்தேன் ஆளாயிற்றே, யோசிக்காமல் இரும்பு என்றேன். அவளுக்குக் கோபால்ட் மிஞ்சியது. அந்த வாரமே நூலகத்தில் உட்கார்ந்து பார்த்தால், நல்ல கட்டுரை எல்லாம் கோபால்ட்டைப் பற்றித்தான். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை.

ஆய்வகத்தில் எங்களுக்குப் பட்டப்பெயர் வைத்தது ஸ்டோர்க்காரர். அவருக்கு வாய் சும்மா இருக்காது. எப்போது விசில் அடிக்கும் என்று தெரியாததால் நான் குக்கர். அவள் நத்தை. பொருத்தமான பெயர்தான். போர்ஃபிரின் செய்ய அமிலத்தில் அரை மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும், அது தார் மாதிரி கறுத்துப் போகும், வியர்வை ஊறின சட்டை மாதிரி நாறும். ஆறினதும் வடிகட்டிக் கழுவினால் கத்திரிப்பூ நிறத்தில் பளபளவென்று தூள் நிற்கும். நான் மூன்று தடவை கழுவுவேன். அவள் வடிகிற நீர் கண்ணாடி மாதிரி ஆகும் வரை கழுவுவாள், பன்னிரண்டு தடவையோ பதினைந்து தடவையோ. என் விரல்கள் ஐந்து வருஷமும் கத்திரிப்பூ நிறத்திலேயே இருந்தன. அவள் விரல்கள் சுத்தமாக இருந்தன. அதிலும் எனக்கு எரிச்சல்.

தூளைப் பூசுவதற்கு மின்முனை என்று ஒரு கம்பு இருக்கும், நுனியில் சட்டைப் பொத்தான் அளவுக்குக் கறுப்புக் கரி. அந்த நுனியை ஒவ்வொரு தடவையும் ஈரத் துணியில் வெள்ளைப் பொடி போட்டு, எட்டு போடுகிற மாதிரி சுழற்றிச் சுழற்றித் தேய்க்க வேண்டும். எனக்கு இருபது எட்டு போட்டாலே கை வலிக்கும். அவள் இருநூறு போடுவாள். ஒருநாள் பொடி தீர்ந்துபோய்விட்டது. அண்ணன் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான், லென்ஸ் தேய்க்க அவனிடம் பொடி இருக்குமே என்று நான்தான், சாட்சாத் நானே, அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போன இடத்தில் ரெண்டு பேரும் ஒரு பரப்பை எப்படி வழவழவென்று ஆக்குவது என்பதைப் பற்றி ரெண்டு மணி நேரம் பேசினார்கள். உலகத்தில் எந்தப் பெண்ணும் பையனும் இதைப் பேசி மயங்கியிருக்க மாட்டார்கள். ஏழு மாதத்தில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது என்பார்களே, அதுதான்.

ஆய்வகத்தில் ஒருத்தியைச் சகித்துக்கொள்வது வேறு, அவள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொள்வது வேறு. எங்கள் அம்மா தையல்காரி. தையல் ஒரு நூல் பிசகினாலும் பிரித்துப் போடுகிறவள். என்னைப் பெற்றதிலிருந்து அவளுக்கு ஒரே குறை, நான் எதையும் பாதியில் விடுகிறேன் என்று. இப்போது அவளுக்கு வாய்த்த மருமகளோ துணி மடித்தால் மூலைக்கு மூலை சரியாக மடிக்கிறவள். அம்மா அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினாள். இதுவரை வாடி போடி என்று இருந்தவளை, இனிமேல் அண்ணி என்று கூப்பிட வேண்டும் என்று எனக்கு உத்தரவு. வீட்டில் அண்ணி என்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஆய்வகத்தில் நத்தைதான். மாடியில் நான், கீழே அவர்கள், சாப்பாடு எல்லாருக்கும் ஒரே மேஜையில்.

நான்காவது வருஷக் கடைசியில்தான் அவளுடைய கோபால்ட் பேச ஆரம்பித்தது. அளவு எடுக்க எங்களுக்கு ஒரு கண்ணாடிக் குடுவை, உள்ளே அமிலம், அதில் மூன்று கம்பிகள். ஒன்று, தூளைப் பூசின கரிக்கம்பு. இன்னொன்று, அளவு பார்க்க. மூன்றாவது, மின்சாரம் சுற்றித் திரும்புவதற்கு, எதிர்முனை என்கிற பிளாட்டினம் கம்பி. எங்கள் ஆய்வகத்தில் எல்லாரும் அதைத்தான் போடுவோம், யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். நான் ஒரு தூளைப் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்ப்பேன். ஒன்றும் தேறாவிட்டால் அடுத்தது. நத்தை ஆறு மணி நேரம் ஓட்டுவாள். ஆறு மணி நேரமும் எதிரிலேயே உட்கார்ந்து பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நோட்டில் எழுதுவாள். அப்படி ஓட்டினபோது மின்னோட்டம் குறையவில்லை, ஏறிக்கொண்டே போனது. மூன்றாவது மணியில் ரெண்டு மடங்கு, ஆறாவது மணியில் ஒன்பது மடங்கு.

சாருக்குக் கால் தரையில் படவில்லை. வருகிறவர் போகிறவரை எல்லாம் கூப்பிட்டு அந்த வரைபடத்தைக் காட்டினார். கோபால்ட் போகப் போகத் தேறுகிறது, பொறுமையாக இருக்கிறவர்களுக்குத்தான் அது தன்னைக் காட்டும் என்று ஒரு பேச்சு வேறு. சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். இரும்பை வைத்துக்கொண்டு நான் வாங்கின அளவு எல்லாம் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். வீட்டுக்குப் போனால் அம்மா அவளுக்கு முதலில் பரிமாறுகிறாள், ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்த பிள்ளையாம். நான் என்ன பரண் மேலா படுத்திருந்தேன்?

இதோடு நிற்கவில்லை. நிறுவனத்தில் நிரந்தர வேலை ஒன்று காலியாகியிருந்தது. உங்கள் ரெண்டு பேரில் ஒருவருக்குத்தான் என்று சார் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அடுத்த மாதம் எங்கள் நிறுவனத்திலேயே பெரிய கருத்தரங்கு, தேர்வுக் குழு ஆட்கள் மூன்று பேரும் முன்வரிசையில் உட்காருவார்கள். அவள் கோபால்ட்டைப் பற்றிப் பேசுவாள், நான் இரும்பைப் பற்றிப் பேசுவேன். முடிவு எப்படி இருக்கும் என்று ஸ்டோர்க்காரருக்கே தெரிந்திருந்தது. எனக்கு அந்த வேலை வேண்டும். வயிற்றுப்பாட்டுக்காக மட்டும் இல்லை. ஒரே ஒரு தடவை, அந்த மேஜையில், எனக்கு முதலில் பரிமாற வேண்டும். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் என் இரும்பை ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். சாப்பிடுகிற இடத்தில் கணக்குப் பிரிவுக்காரரோடு விடுமுறை விஷயமாகச் சண்டை. என் குரல் ஏறி, அவர் குரல் ஏறி, மேலதிகாரி வரை போய்த் திரும்பி வர மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. வந்து பார்த்தால் என் இரும்பும் ஏறியிருக்கிறது. ஐந்து மடங்கு. சந்தோஷத்தில் கத்தலாம் போல இருந்தது. யாரிடமும் சொல்லாமல் கரிக்கம்பை எடுத்துத் தூளைக் கரைத்துக் கழுவினேன். எட்டு போட்டுத் தேய்க்கவில்லை, கை வலிக்கும் என்று ஒரு சோம்பல். அப்படியே வெறும் கம்பை அமிலத்தில் விட்டு, புதுத் தூள் பூசும் முன் சும்மா ஓட்டிப் பார்த்தேன்.

அதே மின்னோட்டம். தூளே இல்லை, இரும்பே இல்லை, வெறும் கரி, ஆனாலும் அதே மின்னோட்டம்.

எனக்கு விளங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. கரி வேலை செய்யாது. இரும்பு கழுவிப் போய்விட்டது. அப்படியென்றால் வேலை செய்வது யார்? குடுவைக்குள் நான் திரும்பிக்கூடப் பார்க்காத மூன்றாவது கம்பி இருந்தது. நேரம் போகப் போக அந்தப் பிளாட்டினம் கண்ணுக்குத் தெரியாமல் அமிலத்தில் கரைந்து, இந்தப் பக்கம் வந்து கரிக்கம்பின் நுனியில் குடியேறியிருக்கிறது. பிளாட்டினம் இல்லாமல் செய்து காட்டுகிறோம் என்று நாங்கள் மார் தட்டிக்கொண்டிருந்த குடுவையில், பிளாட்டினமே திருட்டுத்தனமாக வேலை பார்த்திருக்கிறது. பத்து நிமிஷம் ஓட்டுகிற என்னிடம் அது வர நேரமில்லை. ஆறு மணி நேரம் ஓட்டுகிறவளிடம் தாராளமாக வந்தது. அடுத்த நாள் அவள் இருநூறு எட்டு போட்டுத் தேய்க்கும்போது தடயமும் போய்விடும். அவளுடைய பொறுமையும் சுத்தமுமே அவளை ஏமாற்றியிருந்தன. என் சோம்பேறித்தனம் எனக்குக் காட்டிக் கொடுத்துவிட்டது.

நேராக ஸ்டோருக்குப் போய், புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, ஒரு கிராஃபைட் கம்பி வாங்கினேன். பென்சிலுக்குள் இருக்கிற அதே பொருள்தான், கறுப்பாக, சல்லிசாக. பிளாட்டினத்தை எடுத்துவிட்டு அதைப் போட்டு மூன்று மணி நேரம் ஓட்டினேன். இரும்பு ஏறவே இல்லை. என் பழைய சின்ன அளவு, அதே இடத்தில் ஆடாமல் நின்றது.

அடுத்த மேஜையில்தான் அவள் இருந்தாள். நாலு எட்டு வைத்தால் போதும், "நத்தை, உன் கம்பியை மாத்திப் பாரு" என்று சொல்லியிருக்கலாம். கருத்தரங்குக்கு மூன்று வாரம் இருந்தது, அவளுக்கு எல்லாவற்றையும் திருப்பிச் செய்ய நேரம் இருந்தது. சொல்லவில்லை. அன்று சாயங்காலம் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வீட்டுக்குப் போனோம், அப்போதும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேஜையில் அம்மா அவளுக்கு இன்னொரு கரண்டி போட்டாள். அப்போதுதான் முடிவு செய்தேன், இதை நான் கருத்தரங்கில்தான் சொல்லப் போகிறேன், எல்லார் முன்னாலும், கேள்வியாக.

மூன்று வாரமும் என்னைப் போல நல்ல பெண் இந்த உலகத்தில் கிடையாது. அண்ணி, அண்ணி என்று வழிந்தேன். அவளுடைய படங்களுக்குத் தலைப்பு ஒட்டிக் கொடுத்தேன். அம்மாகூட ஆச்சரியப்பட்டாள், குக்கருக்கு என்ன ஆச்சு என்று. என் உரைக்கு எல்லா அளவையும் கிராஃபைட் கம்பியோடு எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு மஞ்சள் சீட்டில் கேள்வியை எழுதி, கண்ணாடி முன்னால் நின்று நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். "உங்கள் எதிர்முனை எதனால் ஆனது? கரிக்கம்பைக் கழுவிவிட்டு வெறுமனே ஓட்டிப் பார்த்தீர்களா?" இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. அரங்கத்தில் இருக்கிறவர்களுக்குப் புரிந்துவிடும்.

அன்றைக்கு நான் முதலில் பேசினேன். கைத்தட்டல் சோப்பு நுரை அளவுக்கு வந்தது. பிறகு அவள் ஏறினாள். நான் ரெண்டாவது வரிசையில், மடியில் மஞ்சள் சீட்டோடு. அவள் மெதுவாகத்தான் பேசினாள், எப்போதும் போல. கோபால்ட், வளையம், கழுவினது, பூசினது. கடைசியில் அந்தப் பெரிய வரைபடம் திரையில் வந்தது. முன்வரிசைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் தண்ணீர் கொஞ்சம் குடித்தாள். அரங்கத்தைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

"இந்த வரைபடம் தப்பு. ஏறுறது கோபால்ட் இல்ல, எதிர்ல இருந்த பிளாட்டினம் கம்பி கரைஞ்சு வந்து ஒட்டினது. நேத்துக் காலையில கிராஃபைட் போட்டுப் பார்த்தேன், ஒம்பதுல ஒரு பங்குதான் வந்துச்சு. இந்தக் கட்டுரையை நாங்க அனுப்பப் போறதில்ல."

சாரின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு என்ன தோன்றியது என்று கேட்கிறீர்களா? ஆத்திரம். என் வாயிலிருந்து சாப்பாட்டைப் பிடுங்கின மாதிரி ஆத்திரம். கை பாதி தூக்கியிருந்தேன், அப்படியே இறக்கித் தலைமுடியைச் சரி செய்துகொண்டேன். சீட்டைக் கசக்கிக் கைப்பைக்குள் போட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

வேலை எனக்குத்தான் கிடைத்தது. அளவு சின்னதாக இருந்தாலும் ஆரம்பத்திலிருந்தே கிராஃபைட் போட்டு எடுத்தவள் நான் ஒருத்தி என்று குழுவினர் வேலைக் கடிதத்தில் குறிப்பு எழுதியிருந்தார்கள். கவனமான கை, நேர்மையான அளவு என்று அதில் ஒரு வரி. வீட்டில் அந்தக் கடிதத்தை அண்ணன் உரக்கப் படித்தான். அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள், பெற்றதிலிருந்து முதல் தடவையாக அப்படிப் பார்த்தாள். "எம் பொண்ணு கை சுத்தம்" என்றாள். அன்று எனக்குத்தான் முதலில் பரிமாறினாள். அண்ணி பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். நான் சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தேன்.

அவளைச் சார் கை கழுவிவிட்டார். முன் நாளே அவள் போய்ச் சொல்லியிருக்கிறாள், கருத்தரங்கு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இவர் சொல்லியிருக்கிறார், மீறி மேடையில் போட்டு உடைத்துவிட்டாளே என்று அவருக்குக் கோபம். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அண்ணன் கேட்டபோது சொன்னாள், கம்பி பளபளப்பு மங்கின மாதிரி தெரிந்ததாம், எடை போட்டுப் பார்த்தாளாம், அரை மில்லிகிராம் குறைந்திருந்ததாம். பிளாட்டினம் கம்பியை எடை போட்டு வைக்கிற பைத்தியம் இந்த உலகத்தில் இவள் ஒருத்திதான் இருப்பாள். ஒரு வருஷம் தாமதமாக, அந்த ஒன்பதில் ஒரு பங்கை வைத்தே பட்டம் வாங்கினாள். பிறகு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம். குழாய்த் தண்ணீர் பாட்டிலில் வரும், அதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சீட்டு எழுதித் தர வேண்டும். ஆராய்ச்சிக்காரிக்கு அது வேலையே இல்லை. எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது, மறைப்பானேன்.

நிம்மதி ரொம்ப நாள் இல்லை. அவள் அந்தக் கூடத்தின் பின்னறையில், ஊறுகாய் பாட்டில் மாதிரி ஒரு வாயகன்ற பாட்டிலில், கோபால்ட்டை விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஹைட்ரஜனுக்காக இல்லை. தண்ணீரில் நைட்ரைட் கலந்திருந்தால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. அந்த நைட்ரைட்டை அவளுடைய பூச்சு கண்டுகொள்ளும். ஆனால் பூச்சு ரெண்டு நாளில் உரிந்துவிடும். உரியாமல் நிற்க வைக்கப் பதினோரு வருஷம் எடுத்துக்கொண்டாள். பதினோரு வருஷம்! அவ்வளவு நேரத்தில் நான் நாற்பது கட்டுரை எழுதிவிட்டேன். அவள் மொத்தமாக எழுதினது மூன்று. இன்றைக்கு எத்தனையோ கூடங்களில் அவளுடைய கம்பை வைத்துத்தான் தண்ணீரைப் பார்க்கிறார்கள். என் கட்டுரைகளை யார் படிக்கிறார்கள் என்றால், மேற்கோள் காட்டினவர்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தேன், பாதிக்கு மேல் நானே.

ஒவ்வொரு தடவையும் எரிந்தது. அவள் கம்பு முதல் தடவை வேலை செய்தபோது, யாரோ பெரியவர்கள் வந்து பார்த்தபோது, அண்ணன் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தபோது. எனக்கு ஒரே ஒரு ஆறுதல் அம்மா. வயதாக ஆக அவளுக்கு மறதி வந்துவிட்டது, சொன்னதையே சொல்லுவாள். சாப்பிட உட்கார்ந்தால், வந்தவர்கள் யாராக இருந்தாலும், எம் பொண்ணு கை சுத்தம், அவ்வளவு பெரிய சபையில அவளோட கணக்குதான் சரியா இருந்துச்சு என்று ஆரம்பிப்பாள். அண்ணி எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே உப்பை நகர்த்துவாள். போன வருஷம் அம்மா போகும் வரை அது நடந்தது.

இப்போது அந்த ரெண்டு பக்கத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு மத்தியானம், அண்ணன் கடைக்குப் போயிருந்தான். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவள் படித்தாள். ரெண்டு பக்கம் படிக்க முக்கால் மணி. நான் எதிரில் உட்கார்ந்து விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் பென்சிலை எடுத்து ஒரு வரியை அடித்தாள். 'யாரும் கேட்பதற்கு முன், தன் தவறைத் தானே முன்வந்து சபையில் சொன்ன அபூர்வமான நேர்மை இவருடையது' என்ற வரி. எவ்வளவு பல்லைக் கடித்துக்கொண்டு எழுதின வரி தெரியுமா?

"ஏன், நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"குக்கர், இது உண்மை இல்ல." யாரும் இல்லாதபோது இன்னமும் அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "சார் சொன்னதைக் கேட்டு அன்னிக்குப் பேசாம இருந்துடலாம்னுதான் மேடை ஏறினேன். நான் ஒண்ணும் பெரிய தியாகி இல்ல. எனக்கும் அந்த வேலை வேணும்தான். படத்தைப் போட்டுட்டு நிமிர்ந்தா, ரெண்டாவது வரிசையில நீ உக்காந்திருக்க, கையில மஞ்சள் சீட்டு."

நான் தாள்களை இழுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

"முந்தின நாள் கிராஃபைட் வாங்க ஸ்டோருக்குப் போனேன்ல, அவர் கேட்டார், உங்க வீட்டுக்கே இந்தக் கறுப்புக் கம்பி மேல ஆசை வந்துடுச்சா, உங்க நாத்தனார் மூணு வாரம் முன்னாடியே வாங்கிட்டாங்களேன்னு. புத்தகத்துல உன் கையெழுத்தைப் பார்த்தேன். தேதியும் பார்த்தேன்." பென்சிலைக் கீழே வைத்தாள். "நீ எழுந்து கேட்டிருந்தா, நான் தோத்துப் போறது ஒரு நாள் கூத்து. அன்னிக்கு ராத்திரி ஒரே மேஜையில எப்படி உக்காந்து சாப்பிடுவோம்? உன்னால வீட்டுக்கே வந்திருக்க முடியாது. அதான் நான் முந்திக்கிட்டேன்."

முப்பத்தொரு வருஷம். இந்த மேஜையில், எனக்கு எதிரில், தெரிந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அண்ணனிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. நான் அண்ணி அண்ணி என்று வழிந்தது எதற்கு என்று தெரிந்தும், அம்மா என் கை சுத்தத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல உப்பை நகர்த்திக்கொண்டு.

"அம்மா அப்படிச் சொல்லும்போதெல்லாம் உனக்கு எரியலையா?" என்று கேட்டேன்.

"எரிஞ்சுது. எரியாம என்ன?" என்றாள். "ஆனா உன்னைப் பத்தி அம்மா நல்லதாச் சொன்னது அது ஒண்ணுதான். அதையும் நான் பிடுங்கிக்கவா?"

கத்திவிடலாம் என்றிருந்தது, விசில் வரவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. அழுகை மட்டும் வந்தது, அவள் பார்க்காத மாதிரி எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள், ஒவ்வொன்றையும் நாலு தடவை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் நேர்மை போலி என்று ஆனது போகட்டும், அது பழசு. நான் வாழ்நாளில் செய்த ஒரே பெரிய துரோகத்தைக்கூட முழுசாகச் செய்யவிடாமல் எனக்கு முன்னாடி போய் நின்றுவிட்டாளே. வயிறு அப்போதும் எரிந்தது.

மறுநாள் மேலாளரிடம் ரெண்டு பக்கத்தையும் கொடுத்துவிட்டேன். அடித்த வரி இருந்த இடத்தில், மின்முனையைத் தேய்ப்பதில் இவருக்கு இணையாக ஒருவரை நான் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறேன். கீழே கையெழுத்துப் போடும்போது, எப்போதும் போடுகிற முனைவர் பட்டத்தைப் போடவில்லை. நாத்தனார் என்று மட்டும் போட்டேன்.